மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் காலில் ரத்தம் உறையாமல் காப்பது எப்படி: வீட்டாருக்கான முழுமையான வழிகாட்டி

முட்டி அல்லது இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு வரக்கூடிய சிக்கல்களில் மிகவும் பயப்பட வேண்டியது, காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைவது. அந்தக் கட்டி அங்கிருந்து நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை நர்சுகள் நேரம் தவறாமல் மருந்து கொடுப்பார்கள், ஃபிசியோதெரபிஸ்ட் வந்து நடக்க வைப்பார். தவறு நடப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். முட்டி மாற்றியவர்களுக்கு முதல் இரண்டு வாரமும், இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் இந்த ஆபத்து தொடர்கிறது. ஆனால் பெரும்பாலோர் சில நாட்களிலேயே டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறார்கள். அதனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

ரத்தம் உறைய மூன்று காரணங்கள். ஒன்று, படுத்தே இருப்பதால் கால் ரத்தம் மேலேறாமல் தேங்குகிறது. இரண்டு, அறுவையின்போது ரத்தக்குழாய் அடிபடுகிறது: முட்டியில் தொடையைச் சுற்றி இறுக்கும் பட்டையாலும், இடுப்பில் காலைத் திருப்பும்போது தொடை ரத்தக்குழாய் முறுக்கிக்கொள்வதாலும். மூன்று, அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு உடலின் உறையும் தன்மையே கூடிவிடுகிறது. மருந்து கவனிப்பது மூன்றாவதை. முதலாவதைக் கவனிப்பது நடை. மருந்துதான் சாப்பிடுகிறாரே என்று படுக்கவைப்பதும் தவறு, நன்றாக நடக்கிறாரே என்று மருந்தை நிறுத்துவதும் தவறு.

1. ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

அறுவைத் தேதி குறித்ததும் இதை எழுதி எடுத்துப் போங்கள். அட்மிஷன் அன்று சொன்னால் சிலவற்றுக்கு நேரம் கடந்திருக்கும்.

முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்ததுண்டா? அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது வந்திருக்கிறதா? புற்றுநோய் உண்டா, அல்லது சிகிச்சை எடுத்ததுண்டா? கால் நரம்பு சுருட்டல், அதிக உடல் எடை, இதயச் செயலிழப்பு உண்டா? இரண்டு முட்டியும் ஒரே நேரத்தில் மாற்றப்போகிறார்களா? இவற்றில் முந்தைய ரத்தக்கட்டிதான் மிகப் பெரிய எச்சரிக்கை. அப்படிப்பட்டவருக்குச் சாதாரண ஆஸ்பிரின் மட்டும் போதும் என்று பொதுவாக விட மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் முக்கியம். வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவு, மூளையில் ரத்தக்கசிவு, ஈரல் நோய், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியால் ஒவ்வாமை இருந்திருந்தால் மருந்தே மாறும்.

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வார்ஃபரின், குளோப்பிடோகிரெல், அபிக்ஸபான் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் எப்போது நிறுத்தப்படும், எப்போது மறுபடி தொடங்கும் என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதயநோய் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்துகள், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை ஆகியவற்றையும் சொல்லுங்கள். 'அது மருந்தே இல்லையே' என்று நினைத்து விடுபடுவது இவைதான்.

இடுப்பு மூட்டு மாற்றும் இளவயதுப் பெண்கள் கருத்தடை மாத்திரையோ மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையோ எடுத்தால் சொல்லியே ஆக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளைப் பொதுவாக 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

2. கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில் பல சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன. சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து உடலில் சேர்ந்து ரத்தக்கசிவு ஏற்படும். சிறுநீரகத்தைச் சோதிக்கும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் 1.3 என்று வந்தால் 'கொஞ்சம்தானே கூட' என்று தோன்றும். மெலிந்த வயதானவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சிறுநீரகம் வேலை செய்யும் வேகத்தைக் கணக்கிட, 140-இலிருந்து வயதைக் கழித்து, கிலோ கணக்கில் எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 75 வயது, 48 கிலோ, கிரியேட்டினின் 1.3 உள்ள ஓர் அம்மாவுக்கு இது சுமார் 28 வருகிறது. 30-க்குக் கீழே போனால், ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸாபாரின் ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும். டாபிகட்ரான் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

கணக்கை நீங்கள் போட்டு மருந்தை மாற்ற வேண்டாம். எண் 30-ஐ நெருங்கினால் டாக்டரிடம் எடுத்துக் கேளுங்கள். அட்மிஷன் அன்று எடையைக் கேட்டால் பழைய நினைவில் சொல்லாமல், நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அளவைத் தீர்மானிப்பதில் எடைக்கும் பங்கு உண்டு.

3. அறுவைக்கு முதல் நாள் இரண்டு கால்களையும் அளந்து வையுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் பின்னால் பெரிய உதவி. முட்டிக்குக் கீழே காலின் முன்பக்கம் தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் கோடு போட்டு, தையல் டேப்பால் கெண்டைக்காலின் சுற்றளவை அளந்து குறித்து வையுங்கள். வலது, இடது தனித்தனியாக. காலையில் எழுந்ததும், நடக்கும் முன் அளப்பதே சரி. மாலையில் யாருக்கும் கால் சற்று வீங்கும்.

அறுவைக்குப் பின் அந்தக் கால் வீங்கத்தான் செய்யும். எவ்வளவு வீங்கியது, கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல, முதல் அளவு கையில் இருக்க வேண்டும்.

4. அறுவை நாள்: முதல் டோஸின் நேரம்

மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் நல்லதுதானே என்று வீட்டார் அவசரப்படுவார்கள். அப்படி இல்லை. வெட்டிய எலும்பிலிருந்து முதல் சில மணி நேரம் ரத்தம் கசியும். அப்போதே மருந்து போனால் மூட்டுக்குள் ரத்தம் தேங்கி, தையல் ஈரமாகி, கிருமித்தொற்று வரை கொண்டுபோகும். அதனால் ரிவராக்ஸபான் மாத்திரை 10 மி.கி. அறுவை முடிந்து 6 முதல் 10 மணி நேரத்திலும், எனாக்ஸாபாரின் ஊசியும் அபிக்ஸபானும் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கப்படுகின்றன.

முதுகுத்தண்டில் மெல்லிய குழாய் வைத்து வலி மருந்து செலுத்தியிருந்தால், அதை எடுக்கும் நேரத்துக்கும் ஊசி நேரத்துக்கும் இடைவெளி வேண்டும். எனாக்ஸாபாரின் 40 மி.கி. போட்டு 12 மணி நேரம் கழித்தே குழாயை எடுப்பார்கள். எடுத்த பின் குறைந்தது 4 மணி நேரம் கழித்தே அடுத்த ஊசி. இதைக் கவனிப்பது மயக்க மருந்து டாக்டர். உங்கள் வேலை ஒன்றுதான்: திரும்பி வந்த கால் உணர்ச்சி மறுபடி மரத்துப்போனாலோ, முதுகு கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் போவதே தெரியவில்லை என்றாலோ, நள்ளிரவானாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். முதுகுத்தண்டை ரத்தக்கட்டு அழுத்தினால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது.

5. எந்த மருந்து, எத்தனை நாள்?

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசி, நமக்கு வெறும் ஆஸ்பிரினா என்ற கேள்வி எல்லா வார்டிலும் எழும். இரண்டும் சரியாக இருக்கலாம்.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முட்டி மாற்றியவர்களுக்கு 14 நாள் ஆஸ்பிரின் ஒரு வழியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. இடுப்புக்கு 10 நாள் எனாக்ஸாபாரின் வகை ஊசி, அதன்பின் 28 நாள் ஆஸ்பிரின் என்பது ஒரு வழி. அதே ஆண்டு கனடாவிலிருந்து வந்த ஆய்வொன்றில், முதல் 5 நாள் ரிவராக்ஸபான் கொடுத்துவிட்டு ஆஸ்பிரினுக்கு மாறியவர்களும் ரிவராக்ஸபானையே தொடர்ந்தவர்களும் ஏறக்குறைய ஒரே பலனைப் பெற்றார்கள். ஆனால் 2022-இல் ஆஸ்திரேலியாவில் முதல் நாளிலிருந்தே ஆஸ்பிரினையும் எனாக்ஸாபாரினையும் ஒப்பிட்டபோது, 90 நாளுக்குள் ரத்தக்கட்டி வந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கம் 3.45 சதவீதம், ஊசிப் பக்கம் 1.82 சதவீதம். கூடுதலாக வந்தவற்றில் பெரும்பாலானவை முட்டிக்குக் கீழே உள்ள கட்டிகள்.

ஆகவே ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாத, மறுநாளே நடக்கும் ஒருவருக்கு ஆஸ்பிரின் நியாயமான தேர்வு. முதல் பகுதியில் சொன்னவற்றில் ஒன்றிரண்டு இருப்பவர், குறிப்பாக முன்பு கட்டி வந்தவர், 'எனக்கும் ஆஸ்பிரின் போதுமா டாக்டர்?' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

வழக்கமான அளவுகள் இவை. எனாக்ஸாபாரின் 40 மி.கி. தினம் ஒருமுறை தோலுக்கடியில். ரிவராக்ஸபான் 10 மி.கி. தினம் ஒன்று. அபிக்ஸபான் 2.5 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. முட்டிக்குச் சுமார் 2 வாரம், இடுப்புக்குச் சுமார் 5 வாரம். உங்கள் சீட்டில் வேறு மாதிரி இருந்தால் காரணத்தைக் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

6. வீட்டில் வயிற்று ஊசி போடும் முறை

டிஸ்சார்ஜுக்கு முன் சிஸ்டர் பார்க்க நீங்களே ஒரு எனாக்ஸாபாரின் ஊசியாவது போட்டுப் பழகுங்கள்.

கையைச் சோப்பால் கழுவுங்கள். நோயாளி சாய்ந்து படுத்து வயிறு தெரியும்படி இருக்கட்டும். தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டுவிட்டு, வயிற்றின் பக்கவாட்டில் இடம் தேர்ந்தெடுங்கள். நேற்று வலது என்றால் இன்று இடது. தழும்பும் கன்றிய இடமும் வேண்டாம். இடத்தைத் துடைத்து உலர விடுங்கள்.

மூடியை நேராக இழுத்துக் கழற்றுங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி தெரியும். பலரும் தவறுவது இங்கேதான். மற்ற ஊசிகளில் செய்வதுபோலக் காற்றை வெளியேற்றப் பார்ப்பார்கள், கூடவே மருந்துத் துளிகளும் போய்விடும். 40 மி.கி. ஊசியில் மொத்தமே 0.4 மி.லி.தான். அந்தக் குமிழி இருக்க வேண்டியது, அப்படியே விடுங்கள்.

இடது கை விரல்களால் தோலை மடிப்பாகப் பிடியுங்கள். ஊசியைச் சாய்க்காமல், செங்குத்தாக, முழு நீளமும் உள்ளே போகும்படி குத்துங்கள். மெதுவாக அழுத்துங்கள். மருந்து முழுதும் போய், ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடாதீர்கள். முன்பே விட்டால் ஊசி தசைக்குள் போய் ரத்தம் கட்டும்.

எடுத்த பின் பஞ்சை லேசாக வைத்து அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் பெரிதாகக் கன்றும். சிறிய நீலத் திட்டு வருவது சகஜம்.

பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, அடுத்த செக்கப்பின்போது ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுங்கள். குப்பையில் போட்டால் துப்புரவுத் தொழிலாளியின் கையில் குத்தும்.

இந்த ஊசி 5 நாளைத் தாண்டிப் போனால் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். 5 முதல் 10 நாளுக்குள் எண்ணிக்கை பாதியாகக் குறைவது, ஹெப்பாரின் வகை மருந்தின் அரிதான, ஆனால் கடுமையான பின்விளைவு. அப்போது ரத்தம் உறைவது குறையாமல் கூடும்.

7. நடை, பாத அசைவு, தண்ணீர்

மரத்த கால் விழித்ததும் தொடங்க வேண்டியது பாத அசைவு. பாதத்தை முகத்தை நோக்கி இழுத்து, பின் எதிர்ப்புறம் அழுத்த வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 10 முதல் 20 முறை, இரண்டு கால்களிலும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் ரத்தம் மேலே தள்ளப்படும். விரலை மட்டும் ஆட்டினால் பலனில்லை.

பெரும்பாலோரை அன்றே அல்லது மறுநாள் வாக்கருடன் நடக்க வைப்பார்கள். நடக்க மறுப்பவர்களைச் சோம்பேறி என்று திட்டுவதில் பயனில்லை, பெரும்பாலும் வலிதான் காரணம். ஃபிசியோ வருவதற்கு அரை மணி முன்பே வலி மாத்திரை போயிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் நடக்கும் பெரிய தவறு நாற்காலி. பார்க்க வரும் உறவினர்கள் முன்னால் மரியாதைக்காகக் காலைத் தொங்கப்போட்டு இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து கூடத்தில் நான்கு நடை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். வந்தவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள்.

முட்டி மாற்றியவருக்கு முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டியின் பின்பக்க ரத்தக்குழாயை அழுத்தும், முட்டியும் மடங்கியே இறுகிவிடும். தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும்.

ராத்திரி பாத்ரூம் போக வேண்டுமே என்று வயதானவர்கள் தண்ணீரைக் குறைப்பார்கள். உடலில் நீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லாதவருக்கு நாளுக்கு 2 லிட்டர் அளவில், பெரும்பகுதி மாலை 6 மணிக்குள் போகட்டும். கட்டிலருகே ஒரு கமோட் நாற்காலி வைத்தால் பயம் தானாகக் குறையும்.

8. ஸ்டாக்கிங்ஸும் காற்றுப் பம்ப்பும்

காலைச் சுற்றிக் கட்டி, விட்டுவிட்டு அழுத்தும் காற்றுப் பம்ப் நல்ல உதவி. நாளில் 18 மணி நேரமாவது ஓட வேண்டும். பாத்ரூமுக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்ட மறப்பதுதான் வழக்கமான தவறு.

காலை இறுக்கிப் பிடிக்கும் நீள உறையான ஸ்டாக்கிங்ஸைக் கணுக்கால், கெண்டைக்கால் அளவெடுத்து வாங்க வேண்டும். மேல் விளிம்பு சுருண்டால் அதுவே கயிறுபோல இறுக்கி ரத்தத்தைத் தேக்கும். தினம் ஒருமுறை கழற்றிக் குதிகாலையும் விரல்களையும் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும், காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் டாக்டர் சொல்லாமல் போடவே கூடாது. புண் வந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாது.

9. டிஸ்சார்ஜ் அன்று, பில் கட்டும் முன்

சங்கிலி அறுவது பெரும்பாலும் இந்த நாளில்தான். காலையில் டிஸ்சார்ஜ், மாலையில் வீடு, மருந்துக்கடையில் 'நாளைக்கு வரும்' என்பார்கள். இரண்டு டோஸ் போய்விடும். முழு நாட்களுக்கான மருந்தையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

கடைசி டோஸ் எந்த நேரம், அடுத்தது எப்போது, கடைசி நாளின் தேதி என்ன என்பதைச் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். '2 வாரம்' என்றால் அறுவை நாளிலிருந்தா, இன்றிலிருந்தா என்ற குழப்பம் வரும்.

மாத்திரை அட்டையில் மி.கி.யைப் படியுங்கள். ரிவராக்ஸபான் 10, 15, 20 என்றும் அபிக்ஸபான் 2.5, 5 என்றும் ஒரே பெயரில் கிடைக்கின்றன. '10 இல்லை, 20 இருக்கிறது' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கனவே இதயத்துக்காக ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிட்டவர் என்றால், பழையதும் புதியதும் சேர்ந்தா, ஒன்று மட்டுமா என்று தெளிவாகக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய அட்டையைத் தானாகத் தொடங்கி, இரண்டும் சேர்ந்து ரத்தக்கசிவில் போய் முடிந்துவிடும்.

ரிவராக்ஸபானை மறந்தால், அன்றைக்கே நினைவு வந்தவுடன் ஒன்று. மறுநாள் வழக்கம்போல ஒன்று. ஒருபோதும் இரண்டாகச் சேர்த்து வேண்டாம்.

வெளியூர்க்காரர்கள் சென்னை, கோவை, மதுரையிலிருந்து காரில் பல மணி நேரம் போகிறீர்கள் என்றால், முன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டி உட்கார வையுங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கி நடத்துங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குக் குறைந்தது 6 வாரமாவது காத்திருக்க வேண்டும். 3 மாதம் சொல்லும் டாக்டர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து அறுவை செய்துகொள்பவர்கள் திரும்பும் டிக்கெட்டை இதைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

10. மருந்து முடியும்வரை தவிர்க்க வேண்டியவை

உள்ளூர் கிளினிக்கில் வலிக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த மருந்து ஓடும்போது தசையில் போடும் ஊசியால் உள்ளே பெரிதாக ரத்தம் கட்டும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களே கடையில் வாங்கிச் சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பல் பிடுங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

காச நோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபின் ஆகியவை ரிவராக்ஸபான், அபிக்ஸபானின் பலத்தைக் குறைத்துவிடும். இவற்றை எடுப்பவர் என்றால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீங்கிய காலில் எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். உள்ளே கட்டி இருந்தால் அது பெயர்ந்து மேலே போகும் வாய்ப்புண்டு. நீவுவதில் கைதேர்ந்தவர் வீட்டிலேயே இருந்தாலும் இந்த வாரங்களில் வேண்டாம்.

11. எதைப் பார்த்து ஓட வேண்டும்

அறுவை செய்த கால் வீங்குவதும், தொடையிலிருந்து கணுக்கால்வரை நீலம் இறங்குவதும் சகஜம். இரவு முழுக்க உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் குறையும். காலையிலும் குறையாத வீக்கம், மறு காலைவிட 3 செ.மீ.க்கு மேல் கூடிய சுற்றளவு, கெண்டைக்காலில் புதிதாக வலி, சூடு, பளபளப்பு: இவற்றில் எது வந்தாலும் ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை அன்றே எடுக்க வேண்டும். அறுவை செய்யாத கால் வீங்கினாலும் அப்படியே. கட்டி இருக்கிறதா என்று அறியச் செய்யும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை அறுவைக்குப் பின் எப்படியும் கூடுதலாகவே காட்டும், அதை வைத்துக் கட்டி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் ரத்தம், மயக்கம், படபடப்பு: ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள். 'கேஸ் ட்ரபிள்' என்று சோடா கொடுத்துப் பார்க்கும் அரை மணி நேரத்தில் உயிர் போகலாம். வந்தவர்களிடம் முதல் வரியிலேயே, எந்தத் தேதியில் மூட்டு மாற்றினார்கள் என்று சொல்லுங்கள்.

கறுத்த மலம், நிற்காத மூக்கு ரத்தம், நனைந்துகொண்டே இருக்கும் கட்டு, கடும் தலைவலி ஆகியவை மருந்தால் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் பேசுங்கள்.

மருந்து முடிந்த பிறகும் மூன்று மாதம்வரை இந்த அறிகுறிகளில் ஒரு கண் இருக்கட்டும். மறு முட்டிக்கு அறுவை வரும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் காலின் அளவு எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு, முதல் பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்தமுறை கட்டி வந்திருந்தால் அதுதான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி.